வாரேன் என்றாள்

தென்னூரணிக்கு ‘நிற்கிறவன்’ என்ற நாவல் வந்து சேர்ந்த ஆனி மாதத்தில் மேல்காற்று வழக்கம்போல அடித்தது, தெருக்குழாயில் வழக்கம்போல ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது, சாயங்கால ரயில் வழக்கம்போலத் தாமதமாக வந்து யாரையும் சட்டை செய்யாமல் போனது. ஊர் மட்டும் உடைத்த தேங்காய்போல இரண்டாகிவிட்டது, அதுவும் ஒரே ஒரு சொல்லால்.

நாவலின் கதை பெரிய கதை இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒருவன் ஒருத்தியைப் பார்க்கிறான். அவளோடு பேசியதில்லை. அவள் பெயர் நாவலில் எங்கும் வருவதில்லை, அவன் பெயரும் இல்லை. கடைசி நாள் வகுப்பு முடிந்து அவள் தன் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, ‘வாரேன்’ என்று சொல்லிக்கொண்டே வெளியே போகிறாள். அறையில் அப்போது இருப்பவன் அவன் ஒருவன்தான். வாரேன் என்றாளே, வருவாள் என்று அவள் வீட்டுக்கு எதிரே போய் நிற்கிறான். அவளுக்குக் கல்யாணம் ஆகிறது, வேறு வீட்டுக்குப் போகிறாள், அந்த வீட்டுக்கு எதிரே போய் நிற்கிறான்; அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது, மண் தெரு தார்த்தெருவாகிறது, தார்த்தெரு சிமெண்டுத் தெருவாகிறது, அவன் நிற்கிறான்; அவனுக்கு ஒரு முடி நரைக்கவில்லை, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியிலும் நிற்கிறான்.

தென்னூரணியில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிறவனும், வேலைக்குப் போகிறவளும், சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் புறப்படுகிறவளும் ‘வாரேன்’ என்றுதான் சொல்லுவார்கள். பக்கத்து வீட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறிக் குதிக்கிறவன்கூட நாக்குப் பழக்கத்தில் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்ட கதை அந்த ஊரில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில்தான் அந்தச் சொல் விவகாரமானது. அவள் வாக்குக் கொடுத்தாள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை, அவன் தெய்வத்துக்குச் சமம் என்றது ஒரு கூட்டம். அவள் விடைபெற்றாள், அவ்வளவுதான், அவன் ஒரு பொம்பளையின் வாசலை முப்பது வருஷம் மறித்தவன் என்றது இன்னொரு கூட்டம். வாக்குக் கட்சி, விடைக் கட்சி என்று பெயரே விழுந்துவிட்டது. சலூனில் பாதிச் சவரத்தோடு எழுந்துபோனவர்கள் உண்டு. மாமியார் வாக்குக் கட்சியும் மருமகள் விடைக் கட்சியுமான ஒரு வீட்டில் ரசம் இரண்டு பாத்திரத்தில் கொதித்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கடை வைத்திருந்த ஆவுடையப்பன் வாக்குக் கட்சி. ஐம்பத்துநாலு வயதில், அந்த ஊரில் நாற்பது தாண்டிய முக்கால்வாசிப் பேருடைய கண்ணின் பவரும் அவருக்கு மனப்பாடம். யாருக்கு எது தெரியும் எது தெரியாது என்று தனக்குத் தெரியும் என அவர் நம்பிவந்தார். நூலக மாடியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசியபோது குரல் உடைந்தது. “அவ ஒருதடவ வந்து எட்டிப் பாத்திருந்தா என்ன, தேஞ்சா போயிருப்பா?” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் கைதட்டியது. வட்டத்தின் தலைவரான இன்சூரன்ஸ் ஏஜண்ட் குற்றாலிங்கம் எழுந்துவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். விடைக் கட்சியின் டெய்சி டீச்சர் மட்டும், “உங்க வாசல்ல ஒருத்தன் வந்து நின்னா தெரியும் அண்ணாச்சி” என்றாள், சிரிக்காமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அவன் வந்து நின்றான்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு எதிரே, தெருக்குழாய்க்குப் பக்கத்தில், முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தபடியே சந்தன நிறச் சட்டை, அதில் ஒரு பட்டன் மட்டும் கறுப்பு, வலதுகை ஆள்காட்டி விரலில் ரிப்பன் மை. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவனைப் பார்த்ததும் இருபத்தைந்து வயதுப் பையன்தானே என்று நினைத்து, பிறகு பட்டனைப் பார்த்து, “ஏ, புஸ்தகத்துல உள்ளவன்லா” என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். யாரும் குடத்தைக் கீழே போடவில்லை. ஒருத்தி அவன் காலில் தண்ணீர் தெறிக்காமல் குடத்தைத் தள்ளிவைத்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “எப்ப வந்தாப்ல?” என்று கேட்டு, பதில் வராததால் போய்விட்டார். காகிதத்தில் இருந்த ஒருவன் தெருவுக்கு வந்துவிட்டதில் அந்த ஊருக்கு ஒரு திகைப்பும் இல்லை. அவன் யார் வீட்டு வாசலில் நிற்கிறான் என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம்.

அன்று பகல் பத்து மணிக்குள் தென்னூரணி முழுக்கத் தெரிந்துவிட்டது, நாவலில் பெயரில்லாத ‘அவள்’ கண்ணாடிக் கடைக்காரர் மனைவி வடிவு என்று.

வடிவு தபாலாபீசில் வேலை பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த கண்ணாடி, வேகமான நடை. அன்று காலை அவள் கேட்டைத் திறந்து இறங்கினாள். அவன் உடம்பு, வெயிலைப் பார்த்த செடிபோல, அவள் பக்கம் திரும்பாமல் வீட்டையே பார்த்து அப்படியே நின்றது. அவள் அவனைத் தாண்டி வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

“நீங்க கூட்டத்துல அழுதது இவனுக்காகத்தானா?”

ஆவுடையப்பன் காபியைப் பார்த்தார். “நீ அந்த இன்ஸ்டிட்யூட்டுலதான் படிச்சியா?”

“நம்ம ஊர்ல அப்ப இருந்ததே ஒரு இன்ஸ்டிட்யூட்தான. நானும் படிச்சேன், நூறு பேரு படிச்சாங்க. தெனமும் வாரேன்னு சொல்லிட்டுதான் வீட்டுக்கு வருவேன். அன்னைக்கு யாரு இருந்தா, யாருட்டச் சொன்னேன்னு எனக்கு எப்படித் தெரியும்? மெஷினுட்டச் சொல்லியிருப்பேன்.”

“இவன ஞாபகம் இல்லியா?”

“இல்ல,” என்றாள். “ஒரு பொட்டுகூட இல்ல. அது குத்தமா?”

குற்றமில்லை என்று ஆவுடையப்பன் சொன்னார். ஆனால் சொல்வதற்குமுன் ஒரு நொடி தயங்கினார், அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தினமும் யோசித்தார்.

ஊர் அவனை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி இருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் அவன் காலைச் சுற்றிப் பெருக்கினார்கள். வார்டு கவுன்சிலர் அவனுக்கு வெயில் படாமல் தகரக் கூரை போட்டு, அதில் தன் பெயரை எழுதினார். மினிபஸ் கண்டக்டர் அந்த இடத்துக்கு ‘நிக்கான் ஸ்டாப்’ என்று பெயர் வைத்தார், இறங்குகிறவர்கள் கூடினார்கள். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளை அழைத்துவந்து சிலர் அவனை மூன்றுமுறை சுற்றவைத்தார்கள். கொழுக்கட்டை, பன், பூவன்பழம் என்று அவன் காலடியில் வைத்தார்கள். அவன் தின்னவில்லை, ஆடுகள் தின்றன. ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்து விசாரித்தார். “பேரு?” பேசவில்லை. “ஊரு?” பேசவில்லை. “இங்க என்ன சோலி?” என்றதற்கு மட்டும், “வாரேன்னு சொன்னா,” என்றான். பெயரில்லாதவன்மேல் எப்படி வழக்கு எழுதுவது என்று ஏட்டையா குழம்பி, நாவலை வாங்கிப் படித்து, படித்து முடித்த அன்று ஒரு சால்வையோடு வந்து அவனுக்குப் போர்த்திவிட்டுப் போனார்.

சென்னையில் இருந்த நாவலாசிரியருக்குக் குற்றாலிங்கம் போன் போட்டார். “எழுதி முடிச்சதோட என் வேலை முடிஞ்சுதுங்க. அவர் எங்க போறார் வர்றார்ங்கிறதெல்லாம் வாசகர் பாடு,” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். இது மிகவும் ஆழமான பதில் என்று வாக்குக் கட்சி கருதியது.

இன்னொன்றும் நடந்தது. தென்னூரணியில் மக்கள் ‘வாரேன்’ சொல்வதை மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். யார் காதில் விழுமோ, யார் எதிரே வந்து நிற்பார்களோ என்ற பயம். விருந்தாளிகள் கையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோலப் பேச்சில்லாமல் எல்லா வீட்டிலிருந்தும் கிளம்பினார்கள். கடைத்தெருவில் பேரம் முடிந்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்கள். ஊரே யாரோடோ கோபித்துக்கொண்டு போவதுபோல இருந்தது.

பெங்களூரில் வேலை பார்த்த மகள் செம்மலர் சேதி கேட்டு லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் அவன் முகத்துக்கு நேரே போய் நின்று, “என்ன வேணும் சார் உங்களுக்கு?” என்றாள். “வாரேன்னு சொன்னா,” என்றான் அவன். உள்ளே வந்து பையை எறிந்தாள்.

“அந்தப் புக்கை நானும் படிச்சேம்ப்பா. பாதிக்கு மேல முடியல. அந்தப் பொண்ணு முழு நாவல்லயும் ஒரே ஒரு வார்த்தை பேசுறா, அதையும் பிடிச்சு வச்சுக்கிட்டு முந்நூறு பக்கம் நிக்கான். இதுக்குப் போயி அழுதீங்களாமே.”

“நல்லா எழுதியிருந்தான்ட்டி,” என்றார் ஆவுடையப்பன்.

வீட்டுக்கு எதிரே நின்றவன் அங்கேயே நிற்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். தெருக்குழாயிலிருந்து மின்கம்பத்துக்கு, மின்கம்பத்திலிருந்து சாக்கடைமேல் போட்ட கல்லுக்கு என்று அவன் நெருங்கிக்கொண்டிருந்தான். காலை எடுத்துவைப்பதை யாரும் பார்த்ததில்லை, ஆனால் காலையில் பார்த்தால் இடம் மாறியிருக்கும். ஊரில் யாரோ ஒருவர் நாவலைப் படித்து முடித்துக் கண்ணைத் துடைக்கிற ஒவ்வொரு முறையும் அவன் ஓரடி நகர்கிறான் என்று ஆவுடையப்பனுக்குப் பட்டது. கடைக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வந்தவர்கள் சோதனை அட்டையிலுள்ள எழுத்துகளைப் படிக்காமல் கையோடு கொண்டுவந்த நாவலை விரித்துப் படித்தார்கள். எழுத்துத் தெளிந்ததும், “இப்ப நல்லாத் தெரியுது அண்ணாச்சி” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மாட்டிவிட்ட ஒவ்வொரு கண்ணாடியும் அவனை ஓரடி அருகே கொண்டுவந்தது. சும்மா இருக்க முடியாமல் டெய்சி டீச்சர் நாவலைக் கிழிகிழி என்று கிழித்து ஒரு துண்டுப் பிரசுரம் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று இன்னும் நூறு பேர் வாங்கிப் படித்தார்கள். அழுதவர்கள் படித்தாலும் திட்டியவர்கள் படித்தாலும் அவனுக்கு ஒரே கணக்குதான். கேட்டுக்கு வெளியே, கம்பியை ஒட்டி வந்துவிட்டான்.

வடிவு கொல்லைப்பக்கச் சந்து வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மொட்டைமாடியில் துணி காயப்போடுவதை விட்டாள். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. நடையில் அவள் வேகம் குறைந்தது. அதைப் பார்க்கத்தான் ஆவுடையப்பனுக்கு முடியவில்லை.

ஒருநாள் விடிந்ததும் அவர் வெளியே போய்க் கேட்டின் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினார்.

“தம்பி, உனக்காக இந்த ஊர்ல மொதமொத அழுதவன் நான். ஒண்ணு கேக்கட்டா?”

அவன் வீட்டையே பார்த்தான்.

“சரி, அவ வந்தா. ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ. உன் முன்னால வந்து நின்னா. பெறகு?”

“வருவா,” என்றான்.

“வந்த பெறகுன்னு கேக்கேன்.”

அவன் வாய் திறந்து, அப்படியே நின்றது. அந்தப் பக்கத்தை யாரும் எழுதவில்லை.

“அவளுக்குக் காபியில சீனி எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பான்னு தெரியுமா? மழைக்கு முன்னால அவளுக்கு மூச்சு இழுக்கும், அப்ப என்ன செய்யணும்னு தெரியுமா? அவ பேராவது தெரியுமாடே?”

“வாரேன்னு சொன்னா,” என்றான் அவன், பிரியமாக.

அந்தப் பிரியத்தைக் கேட்டதும் ஆவுடையப்பன் கேட்டைவிட்டு ஓரடி பின்வாங்கினார். இதே குரல்தான், இதே ஈரம்தான் நூலக மாடியில் தன் தொண்டையிலிருந்தும் வந்தது என்று தோன்றியது. இந்த மனிதனுக்கு அவள் வேண்டியதே இல்லை. வேண்டியிருந்தது நிற்பதற்கு ஒரு வாசல். இது முந்நூறு பக்கத்திலும் எழுதித்தான் இருந்தது. படித்தவனுக்குத் தெரியாமல் போனது எப்படி? எல்லார் கண்ணையும் சோதித்துச் சொன்னவன் தன் கண்ணை எங்கே வைத்திருந்தான்?

அந்த வாரமே வாசகர் வட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், குற்றாலிங்கம் முன்னால், வெற்றிலை பாக்குத் தட்டோடு.

“எதுக்குவே தட்டு?” என்றார் ஆவுடையப்பன்.

“வெறுங்கையோட வரப்படாதுன்னுதான். அண்ணாச்சி, மதினிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரே ஒருதடவ வெளிய வந்து அவன் முன்னால நின்னா போதும். அவன் கரைஞ்சு போயிருவான். புஸ்தகமும் முடிஞ்சிரும், எங்களுக்கும் நெஞ்சு ஆறும்.”

“உம்ம நெஞ்சு ஆறுறதுக்கு எம் பொண்டாட்டி தெருவுல வந்து நிக்கணுமா?”

குற்றாலிங்கம் மனம் நொந்துபோனவராகப் பார்த்தார். “நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க. ஒருதடவ வந்தா தேஞ்சா போயிருவான்னு.”

அடுக்களை வாசலில் வடிவு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, ஒரு பெரிய வியப்பு இருந்தது. தான் பல வருஷம் தபால் கொடுத்து, நலம் விசாரித்து, சீமந்தத்துக்கும் சாவுக்கும் போய்வந்த மனிதர்கள் ஒரு காகித மனிதனுக்காகத் தன் வாசலில் தட்டோடு நிற்கிறார்கள் என்ற வியப்பு. அவர்கள் பேச்சில்லாமல் கையாட்டிவிட்டு இறங்கிப் போனார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தபோது அவன் கேட்டுக்கு உள்ளே, வாசற்படிக்குக் கீழே நின்றான். தெரு நிறையக் கூட்டம். பூ விற்கிறவர்கள் வந்திருந்தார்கள். செல்போன்கள் உயர்ந்திருந்தன. வாக்குக் கட்சி ஒரு பக்கம் விசும்பியது, விடைக் கட்சி இன்னொரு பக்கம் கோஷம் போட்டது, இரண்டு பக்கமும் நகராமல் நின்றது. டெய்சி டீச்சர் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வர முயன்று முடியாமல், “வராதீங்க வடிவு, உள்ளயே இருங்க!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

செம்மலர் பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும், லீவு தீர்ந்துவிட்டது. உள்ளறையில் பையைத் திணித்துக்கொண்டிருந்தாள். வடிவு தலையை வாரி முடிந்தாள், கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள்.

“நானே போய் நிக்கேன். என்னதான் செய்வான், பாப்போம்.”

“வேண்டாம் வடிவு.”

“நீங்க அழுததுக்கு நான் போய் நிக்க வேண்டியதா இருக்கு,” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்; அதனால்தான் அது அவருக்கு அதிகம் வலித்தது. கதவைத் திறந்தாள். ஆவுடையப்பன் பின்னாலேயே போனார்.

செல்போன்கள் இன்னும் உயர்ந்தன. வடிவு படியிறங்கி அவனுக்கு நேர் எதிரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். முப்பது வருஷமாக நின்றவன், முந்நூறு பக்கம் நின்றவன், தன் எதிரே நின்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கழுத்தைச் சாய்த்து அவளுக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்க்க முயன்றான்.

“கொஞ்சம் தள்ளிக்கிடுங்கம்மா,” என்றான் மரியாதையாக. “மறைக்கீங்க.”

வடிவு திரும்பித் தன் கதவைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சத்தமாக, பல்லெல்லாம் தெரிய, அந்த மாதம் முழுதும் அடக்கிவைத்த சிரிப்பை. “கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? மறைக்கேனாம்!”

ஆவுடையப்பன் நினைத்தார், முடிந்தது என்று. இவ்வளவுதான், இதோடு கலைந்துவிடுவார்கள், வெட்கப்பட்டாவது கலைந்துவிடுவார்கள் என்று. ஆனால் கூட்டம் வெட்கப்படவில்லை. ஒரு முனகல் எழுந்தது, அது ஏமாற்றத்தின் முனகல், பிறகு குற்றாலிங்கத்தின் குரல் கேட்டது: “அப்படின்னா அவ இவங்க இல்ல. அவ இன்னும் வரல.”

அந்த நேரத்தில்தான் செம்மலர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவின் பழைய முகம், அம்மாவின் பழைய உயரம். ரயிலுக்கு நேரமாகிவிட்ட எரிச்சல். கூட்டத்தை ஒரு பொருட்டாக மதிக்கக் கூடாது என்ற வைராக்கியம். குனிந்து செருப்பின் வாரைப் போட்டபடியே, மூன்று வயதில் பால்வாடிக்குப் போன நாளிலிருந்து பழகிய நாக்கு அதுவாகச் சொன்னது:

“அப்பா, வாரேன்.”

நிற்கிறவனின் தலை திரும்பியது. வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவன் முகம் மலர்ந்தது. முதல்முறையாக எல்லார் கண் முன்னாலும் காலை எடுத்து முதல் படியில் வைத்தான்.

தெருவில் பெண்கள் குலவை போட்டார்கள்.

ஆவுடையப்பன் தன் ஆயுளில் எத்தனையோ குலவை கேட்டிருக்கிறார், கோயில் கொடையில், கல்யாணத்தில், முதல் நாற்று நடுகையில். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. தான் கண்ணாடி மாட்டிவிட்ட கண்களெல்லாம் ஈரமாகத் தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏட்டையா கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவரை உறையவைத்தது, ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எல்லோரும் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். “மாத்திச் சொல்லு.”

“என்னம்மா?”

“போறேன்னு சொல்லுட்டி.”

குலவை நின்றது. “ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா அப்படிச் சொல்லாதீங்க மதினி,” என்று யாரோ பதறினார்கள். அந்த ஊரில் பிறந்த எவரும் வீட்டு வாசலில் சொல்லாத சொல். ‘வாரேன்’ என்ற சொல்லுக்குள் போவதும் திரும்புவதும் சேர்ந்து இருக்கிறது. ‘போறேன்’ என்றால் போவது மட்டும்தான். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஒருவன் படியில் நிற்கும்போது, அவன் எதிரே சொல்லுகிற எந்தச் சொல்லும் அப்படியேதான் பலிக்கும் என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது. வடிவுக்கும் தெரிந்திருந்தது, ஆனாலும் பிடித்த கையை விடவில்லை. செம்மலர் இருவர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது.

“அப்பா?” என்றாள்.

சொல்லு என்பதுபோல அவர் தலையை அசைத்தார்.

செம்மலர் நிமிர்ந்து, அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “நான் போறேன்.”

அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி மறைந்தது. “எங்க?” என்றான். நாவலில் எங்கும் இல்லாத சொல், கிளம்புகிறவளைப் பார்த்து யாரும் கேட்கக் கூடாத சொல்.

“அது உங்களுக்கு எதுக்கு?” என்றாள் செம்மலர்.

அவனுக்கு அதற்குமேல் வரி இல்லை. படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு, வழிதெரியாத ஊரில் இறங்கியவனைப்போல விலகி நின்றான்.

எல்லோரும் இப்போது ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். பெற்றவன் ‘போயிட்டு வா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும். ஆனால் அந்த ‘வா’வைப் பிடித்துக்கொண்டு அவன் மறுபடி படியேறுவான். ஆவுடையப்பனின் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து முட்டியது. விழுங்கினார்.

“போ,” என்றார்.

மகள் படியிறங்கினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. டெய்சி டீச்சர் கூடவே ஸ்டேஷன்வரை நடந்தாள். தெருமுனைவரை செம்மலர் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் என்ன ஆகும் என்று தெரிந்த பெண். பின்னால் ஊர் பேசத் தொடங்கியது: “பெத்த மகளப் பாத்து ‘போ’ங்கானே, இவன்லாம் ஒரு தகப்பனா.” ஒரு மாதமாக எதற்கும் அதிர்ச்சி அடையாத தென்னூரணி அன்றுதான் அதிர்ச்சி அடைந்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஆவுடையப்பன் வடிவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அவன் மறுநாள் இல்லை. நாவலின் இரண்டாம் பதிப்பு போய்ச்சேர்ந்த வேறோர் ஊரில், வேறொரு வீட்டுக்கு எதிரே நிற்பதாகச் சேதி வந்தது. குற்றாலிங்கம் வேன் பிடித்து ஆட்களைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் தென்னூரணி மறுபடி ‘வாரேன்’ சொல்லப் பழகிக்கொண்டது. ஆடிப் பெருக்கு வந்தது, கார்த்திகை வந்தது, பொங்கல் வந்தது, செம்மலர் வரவில்லை. கோபமில்லை, லீவு இல்லாமலும் இல்லை; டிக்கெட் எடுத்த நாளில் காய்ச்சல் வந்தது, இன்னொரு முறை ரயில் பாதியில் நின்று திரும்பியது, மூன்றாம் முறை அவளே ஏதோ நினைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலிருந்து திரும்பிவிட்டாள். போனில் நன்றாகப் பேசினாள்.

பொங்கல் கழிந்த ஒரு சாயங்காலம் ரயில் கூவிய சத்தம் கேட்டு ஆவுடையப்பன் எழுந்து வாசலுக்கு வந்தார். கேட்டைத் திறந்தார். தெருவைக் கடந்தார். எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெருமுனை நன்றாகத் தெரிகிற இடம், அவ்வளவுதான். இரண்டொருவர் அவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். தெருக்குழாயடியில் ஒரு பெண் அவர் காலில் தண்ணீர் தெறிக்காமல் குடத்தைத் தள்ளிவைத்தாள்.

வடிவு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

“ஏங்க, உள்ள வாங்க. அவளுக்கு எப்ப வரத் தோணுதோ அப்ப வருவா. தோணாட்டா நாம போய்ப் பாப்போம். நிக்காதீங்க.”

கால் எழவில்லை. அவள் இன்னொரு முறை கூப்பிடவில்லை, காத்திருக்கவும் இல்லை. பெங்களூருக்கு எந்த ரயிலில் டிக்கெட் கிடைக்கும் என்று போனில் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஆவுடையப்பன் ஒரு காலைப் பெயர்த்தார், பிறகு இன்னொரு காலை. தெருமுனைக்கு முதுகைக் காட்டி, எதிரே திறந்திருந்த தன் வீட்டுக்குள் நடந்தார்.